ஏரியில் கரைத்த சாம்பல்

பறந்துகொண்டிருந்த ஒரு மனிதனைத் தானே எரித்துக் கொன்றுவிட்டதாகப் பனமலைக்குப் பக்கத்தில் வீரம்மாள் என்ற கூலிக்காரி நம்பிக்கொண்டிருந்தாள். அவள் கொன்றதாக நம்பிய மனிதன் அந்த நேரத்தில் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். தான் உயிரோடு இருப்பதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு, அப்படி நம்புகிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்றாவது தெரிந்திருக்க வேண்டுமே.

அவன் பெயர் சவுரிராயன். ரயில்வே கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. மிஷன் விடுதியில் வளர்ந்தவன். யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பது விடுதிக்கே தெரியாது. கலியாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போவதென்றால்கூட முன்னால் நடக்க இரண்டு பெரியவர்கள் வேண்டும், அந்த இரண்டு பேருக்கு அவன் எங்கே போவான்? ஆபீசில் நல்லவன் என்று பெயர். அதற்கு மேல் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பறந்தான். செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டலில், அரசாங்க மானியத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்த கிளைடர் கிளப் அது. ஒரே ஒரு ஒற்றை ஆள் கிளைடர். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி வார்னிஷ் அடித்திருப்பார்கள். எஞ்சின் கிடையாது. பொட்டலின் மறுகோடியில் ஒரு பழைய மோட்டார் நீளமான கம்பியைச் சுற்றி இழுக்கும். பட்டம் ஏறுகிற மாதிரி கிளைடர் ஏறும். உச்சிக்குப் போனதும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்குச் சவுரிராயன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். விழுந்துகொண்டேதான் போகும் என்பான்.

அது உண்மைதான். கிளைடர் எப்போதும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது இறங்குவதைவிட வேகமாக மேலே ஏறுகிற காற்று ஒன்று கிடைத்துவிட்டால், அதற்குள்ளேயே வட்டமடித்து அதோடு சேர்ந்து ஏறிவிடலாம். வெயில் எல்லா மண்ணையும் ஒரே மாதிரி சுடுவதில்லை. பாறை சீக்கிரம் கொதிக்கும், அறுத்த வயல் கொதிக்கும், நெல் நிற்கிற வயலும் தண்ணீர் நிற்கிற ஏரியும் லேசில் கொதிக்காது. கொதித்த இடத்துக் காற்று கொஞ்ச நேரம் மண்ணோடு ஒட்டிக் கிடந்து, பிறகு பிய்த்துக்கொண்டு கிளம்பும். உச்சிக்குப் போனால் அதன் தலையில் ஒரு வெள்ளை மேகம் உட்கார்ந்திருக்கும். ஒன்றில் ஏறவேண்டியது, அடுத்தது எங்கே என்று பார்த்து நேராகச் சறுக்கவேண்டியது, போய்ச் சேருவதற்குள் இறங்கிய உயரத்தை அங்கே மறுபடி சம்பாதிக்கவேண்டியது. இப்படியே ஊர் ஊராகப் போகலாம். அடுத்தது கிடைக்காவிட்டால் கீழே எவனுடைய வயலிலாவது இறங்கி அசடு வழிய நிற்கலாம்.

சவுரிராயன் விழுப்புரம் வரை போய்விட வேண்டும் என்று இருந்தான். கிளப்பில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அவனே முதல் தடவை மதுராந்தகத்தில் உட்கார்ந்தான், இரண்டாம் தடவை திண்டிவனத்தில். எல்லாம் கடல் காற்று செய்த வேலை. மத்தியானத்துக்கு மேல் கிழக்கேயிருந்து அது சில்லென்று உள்ளே நுழையும். ஊர்க்காரர்கள் அப்பாடா என்று மேல்துண்டை உதறிக்கொள்வார்கள். அது போர்த்திய மண்ணிலிருந்து அப்புறம் ஒரு மூச்சுக் காற்றுகூடக் கிளம்பாது.

அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில் மூன்றாம் தடவை கிளம்பினான். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு மேலே வரும்போது ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஏறுகிற காற்றில் முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும் என்பது கிளைடர்காரர்களின் சட்டம். பருந்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்து அவன் இடப்பக்கமாகச் சுற்றினான். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ஏறினார்கள். அது அவனைத் தலையைத் திருப்பிப் பார்த்தது. அன்றைக்கு அவனைத் தலை திருப்பிப் பார்த்த முதல் ஜீவன் அதுதான் என்று நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. மேகத்துக்குக் கிட்டே வந்ததும் பருந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதற்கப்புறம் வானம் ரொம்பப் பெரியதாக இருந்தது.

திண்டிவனம் தாண்டியதும் கிழக்கே வெளிறிக்கொண்டு வந்தது. கடல் காற்று. அவன் ரயில் பாதையை விட்டுவிட்டு மேற்கே ஒதுங்கினான். பனமலைக் குன்றும் அதன் மேல் கோயிலும் தெரிந்தன. பாறை, கொதிக்கும் என்று கணக்குப் போட்டான். பாறை கொதித்திருக்கலாம், ஆனால் பக்கத்தில் ஏரி இன்னும் தண்ணீரோடு இருந்தது. அதன் மேலே வந்ததும் யாரோ கயிற்றை அறுத்துவிட்ட மாதிரி கிளைடர் இறங்கியது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டுகிற முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

இறங்கத்தான் வேண்டும் என்று முடிவுசெய்து ஒரு தரிசைப் பார்த்துவைத்தான். தரைக்கு இன்னும் ஐந்தாறு பனைமர உயரம் இருக்கும். கீழே ஒரு குடிசை, ஒரு வைக்கோல் போர், ஒரு செவலை மாடு, அண்ணாந்து பார்க்கிற ஒரு பெண்பிள்ளை. அவளுடைய முகம் அவனுக்குத் தெரிந்தது. அவன் கையைத் தூக்கி ஆட்டினான். இறங்கப் போகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வணக்கம் வைப்பது அவன் வழக்கம். அவள் உள்ளே ஓடினாள், வெளியே ஓடிவந்தாள், மாட்டை அவிழ்த்து விரட்டினாள். திருப்பத்தில் அவள் அவன் கண்ணுக்கு மறைந்தாள். மறுபடி திரும்பும்போது வைக்கோல் போர் முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

நெருப்பு என்றால் ஏறுகிற காற்று. யோசிக்கவே இல்லை, புகைக்குள் நுழைந்தான். முள் அடியிலிருந்து துள்ளி உச்சிக்குப் போனது. மண்ணோடு ஒட்டிக் கிடந்த சூடு முழுவதையும் அந்த நெருப்பு கிளப்பிவிட்டிருந்தது. கண் எரிந்தது, இருமினான், கருகிய வைக்கோல் தாள்கள் அவனைச் சுற்றிக் கூடவே மேலே பறந்தன. சுற்றிச் சுற்றி ஏறிப் புகையைத் தாண்டி, வெளிச்சத்தைத் தாண்டி, ஒரு மேகத்தின் அடிவயிற்றில் போய் நின்றான். அங்கேயிருந்து சறுக்கினால் திருவாமாத்தூர்க் கோபுரம், அதற்கு அந்தப் பக்கம் விழுப்புரம் ஜங்ஷனின் தண்டவாளக் கூட்டம். ஊருக்கு வெளியே ஒரு வயலில் பூப்போல இறங்கினான்.

கிளப்பில் கைகொடுத்தார்கள். எப்படி ஐயா பனமலையில் தப்பித்தாய் என்று கேட்டபோது, எவனோ ஒரு புண்ணியவான் குப்பையைக் கொளுத்தினான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளிடம் போனார்கள். சவுரிராயன் ஓட்டலில் சாப்பிட்டான். கை கழுவும்போது, பரிமாறிய ஆளிடம் இன்றைக்கு நான் விழுப்புரம் வரைக்கும் பறந்தேன் தெரியுமா என்று சொல்லலாமா என்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆள் பில்லை நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான்.

கீழே நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். வீரம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைப்பவள். புருஷன் இருந்தபோது, உலகச் சண்டைக் காலத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் விமானம் இறங்கும் திடலில் மண் சுமந்தவன். எஞ்சின் கெட்ட விமானம் ஏதாவது தடுமாறி வந்தால் உடனே புகை போடுவார்களாம். அதைப் பார்த்துத்தான் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்து பத்திரமாக இறங்குவார்களாம் என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். அவளுக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்குத் தலைக்கு மேலே ஒன்று சத்தமே இல்லாமல் வந்தது. சத்தம் இல்லையென்றால் எஞ்சின் போய்விட்டது. உள்ளே இருந்தவன் கையைக் காட்டிக் கூப்பிடுகிறான். கூடமாட ஓட ஒரு ஆள் இல்லை, எல்லாரும் அறுப்பில் இருந்தார்கள். ஈர வைக்கோலை ஒரு கை அள்ளிப் போட்டிருந்தால் போதும். அவள் பதறிப்போய்ப் போரிலேயே நெருப்பை வைத்துவிட்டாள். மாட்டுக்கு ஒரு வருஷத்துத் தீனி, கூரைக்கும் அதுதான்.

விமானம் நேராக அந்தப் புகைக்குள்ளே போனது. வெளியே வரவில்லை. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். புகை கலைந்தபோது அங்கே வெறும் வானம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கருகிய துண்டுகள் மேலேயிருந்து உதிரத் தொடங்கின. வயலெல்லாம், ஏரிக்கரையெல்லாம், அவள் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன. அது தன் சொந்த வைக்கோல்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஊர்க்காரர்கள் வந்து திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். விழுந்திருந்தால் இரும்பாவது கிடக்காதா என்று கேட்டார்கள். அது துணியும் கட்டையும்தான், நான் பார்த்தேன், எரிந்தால் என்ன மிஞ்சும் என்று அவள் திருப்பிக் கேட்டதும், அப்படித்தான் இருக்கும் என்று அவர்களும் கலைந்து போனார்கள். அவள் ஒரு புதுச்சட்டியில் அந்தச் சாம்பலைப் பொறுக்கினாள். பொறுக்க முடிந்ததைப் பொறுக்கி ஏரியில் கரைத்தாள். பதினாறாம் நாள் காரியமும் செய்தாள். அகாலத்தில் போனவர்களுக்குக் கல் நட்டு விளக்கேற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். போர் எரிந்த இடத்தில் ஒரு கல் நட்டு மஞ்சள் பூசினாள். செத்தவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யாரைக் கேட்பது? சட்டை போட்ட ஆள் என்று பார்த்திருந்ததால் வெள்ளிக்கிழமைகளில் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீயும் ஒரு பன்னும் வாங்கிவந்து வைத்தாள். அழுவதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒப்பாரிக்குப் பேர் வேண்டும், முறை வேண்டும். அண்ணன் என்று அழுவதா, மகன் என்று அழுவதா? முகத்தை நினைத்துப் பார்த்து, வயசைக் குத்துமதிப்பாகப் போட்டு, மகன் என்றே அழுதாள். ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. அடுப்பை மூட்டவே பயந்தாள். பல நாள் கூழ் காய்ச்சிக் குடிக்கக்கூட அவள் நெருப்பு வைக்கவில்லை.

வைகாசியில் சவுரிராயன் உளுந்தூர்பேட்டைக்கே போய்விடுவது என்று கிளம்பினான். பனமலைப் பக்கம் தனக்கு அதிர்ஷ்டமான இடம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதனால் திண்டிவனம் தாண்டியதும் வேண்டுமென்றே மேற்கே ஒதுங்கினான். ஏரி இப்போது வற்றி வெடித்துக் கிடந்தது, கொதிக்க வேண்டிய இடம். ஆனால் மேலே மெல்லிய மேகம் ஒன்று பாய் விரித்த மாதிரி பரவி வெயிலை மூடிவிட்டது. வெயில் இல்லையென்றால் அவனுக்கு வண்டி ஓடாது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய ஒரு கொல்லையில் இறங்கினான்.

கொல்லைக்காரர் துரைக்கண்ணு ஓடிவந்தார். பின்னாலேயே ஊர் வந்தது. வழக்கமாக இறங்குகிற இடங்களில் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். இங்கே யாரும் கிட்டே வரவில்லை. துரைக்கண்ணு தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்போலக் கேட்டார்.

“உங்க ஆளு ஒருத்தரு பங்குனியில இங்கதாங்க எரிஞ்சிபோனாரு. உங்களுக்குச் சேதி வரலிங்களா?”

எங்கள் கிளப்பில் யாரும் சாகவில்லையே என்றான் சவுரிராயன். வெள்ளையாக, சத்தமில்லாமல், இதே மாதிரிதான் என்றார் அவர். வீரம்மா போட்ட தீயில் போய் விழுந்துவிட்டார், அவளும் அன்றிலிருந்து பாதி ஆளாகிவிட்டாள் என்று மிச்சத்தையும் சொன்னார். சாம்பல், காரியம், கல், பன், மூட்டாத அடுப்பு, எல்லாவற்றையும். பங்குனியில் இந்தப் பக்கம் வந்த கிளைடர் ஒன்றே ஒன்றுதான் என்பது சவுரிராயனுக்கு நினைவுக்கு வந்தது. அவன் கொல்லை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

முதலில் வந்தது வருத்தம் இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. தனக்காக ஒருவர் அழுதிருக்கிறார் என்ற நினைப்பு இனிப்பாகத் தொண்டையில் இறங்கியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, கிளைடரை எடுத்துப்போகக் கிளப் ஜீப் வந்ததும் ஏறிப் போய்விடலாம், செத்தவனாகவே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அந்தப் பெண்பிள்ளை அடுப்பு மூட்டப் பயப்படுகிறாள் என்று துரைக்கண்ணு சொன்னது உறைத்தது. ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பிக் கிளப்புக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்கு வழி கேட்டு நடந்தான்.

வீரம்மாள் வாசலில் முறம் வைத்துக்கொண்டு கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் எழுந்து நின்றாள். கால்சட்டை போட்டவர், சர்க்கார் ஆள், விசாரிக்க வந்துவிட்டார் என்று நினைத்துக் கையைக் கூப்பினாள்.

“நான்தான் தீ வெச்சேங்க. காப்பாத்தணும்னுதாங்க வெச்சேன்” என்றாள்.

நான்தான் அந்த ஆள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, புகையோடு மேலே ஏறிப் போய்விட்டேன் என்று அவன் சொன்னான். அவள் நம்பவில்லை. பெரிய மனிதர்கள் ஆறுதலுக்கு இப்படிப் பொய் சொல்வார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். காற்று ஏறும், அதில் இது ஏறும் என்று அவன் விளக்கியது அவள் காதில் ஏறவே இல்லை. கடைசியில் அவன் விளக்குவதை விட்டான்.

“செவலை மாடு. அந்த மரத்துல கட்டியிருந்தீங்க. வீட்டுக்குள்ள ஓடினீங்க, திரும்பி ஓடிவந்து முதல்ல மாட்டை அவுத்துத் துரத்தினீங்க. அது போகாம நின்னுது, காலால ஒரு உதை விட்டீங்க” என்றான்.

அந்த உதையை ஊரில் யாரும் பார்த்ததில்லை. வீரம்மாள் கிட்டே வந்தாள். அவன் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள், சட்டைக் கையைத் தள்ளி முழங்கை வரைக்கும் பார்த்தாள், தீப்பட்ட இடம் ஏதாவது இருக்கிறதா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓங்கி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

“மேல போனவன் திரும்பி ஒரு கையி காட்டினா இன்னாடா? ஒருத்தி கீழ நின்னுக்கினு கீறாளேன்னு தெரியாது உனக்கு?”

தெரியாது என்றான் அவன். கீழே ஒருத்தி தனக்காகக் கலங்கி நிற்பாள் என்று நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் இதுவரை இப்படிக் கோபித்துக்கொண்டதில்லை. அவள் அழுதாள், அழுதுகொண்டே இன்னும் இரண்டு வசவு வைதாள். பேரைக் கேட்டாள். சவுரிராயன் என்றதும் விழித்தாள். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன் என்றான் அவன். அய்யய்யோ, உனக்குத் திருநீறு வைத்தேனே, போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து, அழுகையிலேயே சிரித்தாள். கல்லிடம் போனாள். இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி வேலியோரம் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினாள். தீக்குச்சி முதல் கிழிப்பிலேயே பற்றிக்கொண்டது.

கூழ் காய்ச்சி, வெங்காயம் உரித்து வைத்து, எதிரே உட்கார்ந்து அவன் குடிப்பதைப் பார்த்தாள். வைக்கோலைப் பற்றி அவன் பேச்செடுத்தபோது அதை விடு என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. கேட்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

“உன்னத் தேடிக்கினு ஆளு வருவாங்கன்னு தினம் ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன். தாயோ, பொண்டாட்டியோ, கூடப்பொறந்ததோ. வந்தா கால்ல வுழுந்து நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிடணும்னு. மாசம் போயிடிச்சி, யாருமே வரல. அப்பறந்தான் நெனச்சேன், ஐயோ, இந்தப் புள்ளைக்கு யாரும் இல்ல போலகீது, நாமளே அழுதுடுவோம்னு.”

சவுரிராயன் சட்டியைக் கீழே வைத்தான்.

“அது ஒண்ணை நீங்க சரியாத்தாம்மா நெனச்சீங்க” என்றான்.

வீரம்மாள் சட்டியை எடுத்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினாள்.